நான் வாங்கின சத்தியம்

என் தங்கச்சியை அவள் புருஷன் வீட்டில் மூன்று தடவை திரும்பக் கொண்டுபோய் விட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படித்துவிட்டு நீங்கள் அவனைத் திட்டுவீர்கள், அவன் ஆத்தாளைத் திட்டுவீர்கள். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் அவளை வண்டியில் பின்னால் உட்கார வைத்து, காளவாசல் சிக்னல் தாண்டி, அந்த வீட்டு கேட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டது நான்தான். மூன்று தடவையும் வண்டியை ஆஃப் பண்ணாமல்தான் இறக்கிவிட்டேன்.

எனக்கு அவனியாபுரத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப். அம்மா அலங்காநல்லூர் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறாள். அப்பா இல்லை. தங்கச்சியை பி.காம். வரைக்கும் படிக்க வைத்து, காளவாசல் பக்கம் ஒரு வீட்டில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை. தேய்த்த சட்டை, பாக்கெட்டில் பேனா, நெற்றியில் விபூதி. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. எங்கள் பெரியப்பா அதையே ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். குடிக்காதவன் அடிக்க மாட்டான் என்று எங்களுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

கல்யாணம் முடிந்து ஆறாவது மாதம் முதல் தடவை வந்தாள். ஒரு வயர் கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது காது கேட்கவில்லை என்றாள். அறைந்திருக்கிறான். ரசத்தில் உப்பு கூடிப்போச்சாம்.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டுத்தான வந்த?"

நான் கேட்டது அதைவிடக் கேவலம். "நீ எதாச்சும் எதுத்துப் பேசுனியா?"

மறுநாள் காலையில் கொண்டுபோய் விட்டேன். வழியில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். காது அடைத்துப்போன பொம்பளைக்கு ஜிகர்தண்டா.

இரண்டாவது தடவை பிள்ளை பிறந்து எட்டு மாதம். கைப்பிள்ளையோடு வந்தாள். அதற்கும் ஒரு காரணம் இருந்தது, இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. காரணத்தை ஞாபகம் வைத்து என்ன ஆகப்போகிறது? அவனுக்குக் காரணம் தேவையே இல்லை என்பது எனக்குப் புரிய எட்டு வருஷம் ஆனது. அவன் ஆபீஸில் மேனேஜர் நாலு பேருக்கு முன்னால் ஃபைலைத் தூக்கி எறிந்தபோது, குனிந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தானாம். அவன் வாயாலேயே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. கோபத்தில் கை நீண்டுவிடுகிறது என்பவனுக்கு மேனேஜர்கிட்ட மட்டும் ஏன் நீளவில்லை? ரவிக்கை கை மறைக்கிற இடமாகப் பார்த்து அடிப்பவனுக்கு என்ன கோபம்? எல்லாம் கணக்காகத்தான் அடித்திருக்கிறான்.

மூன்றாவது தடவை வந்தபோது வலது கை சுண்டுவிரல் ஒடிந்திருந்தது. பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்து, சுவரை ஒட்டி வைத்துவிட்டு, "சரியா இருக்கா மாமா?" என்று கேட்டது. ஐந்து வயதுப் பிள்ளை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எனக்குப் பேச்சு வராது, கைதான் வரும். அவனை அடிக்கக் கிளம்பினேன். பெரியப்பா தடுத்தார். "நீ அடிச்சா நாளைக்கு நம்ம புள்ள அங்க போய் வாழணுமா வேணாமா? சாமி முன்னாடி வச்சுப் பேசிக்கிருவோம்" என்றார். எங்கள் பக்கம் வழக்கம் அதுதான். நாலு பெரிய மனுஷர்கள் பேசித் தீராததைக் கருப்பு கோயிலில் கொண்டுபோய் வைப்பார்கள். சாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி, அது எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்து, சத்தியம் செய்ய வேண்டும். மீறினால் கருப்பு பார்த்துக்கொள்ளும். எங்கள் கருப்பு துடியான சாமி. பொய்ச் சத்தியம் செய்தவனுக்குக் கை விளங்காமல் போனது, வாய் கோணிப்போனது என்று ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வரச் சொன்னோம். வந்தான். தேய்த்த சட்டைதான். பூசாரி சூடத்தை வைத்தார். அவன் கையை நீட்டினான். அவன் முகத்தில் ஒரு பயமும் இல்லை. வங்கியில் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வந்தவன் மாதிரி நின்றான். எனக்கு அது பொறுக்கவில்லை. இவனுக்கு வலிக்கிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்று தோன்றியது.

"சும்மா அணைச்சாப் பத்தாது" என்றேன். "புள்ள தலையில ஒரு கைய வச்சுக்கிட்டுச் சொல்லச் சொல்லுங்க."

நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை. பெரியப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். பூசாரி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சரி என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நிறுத்தியதும் நான்தான். தங்கச்சி "அண்ணே, வேணாம்ணே" என்றாள். "நீ சும்மா இரு, ஒனக்காகத்தான் செய்யுறேன்" என்றேன்.

அவன் இடது கையைப் பிள்ளை தலையில் வைத்தான். வலது கையால் சூடத்தை அடித்தான். "இனிமே இவ மேல கை வைக்க மாட்டேன். மீறினா எம் புள்ளைக்கு ஆகட்டும்."

அன்றைக்கு மத்தியானமே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன். மூன்றாவது தடவை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவள் வரவே இல்லை. ஒரு புகார் இல்லை. பொங்கல் சீர் கொண்டு போவேன். கரும்பு, அரிசி, வெண்கலப் பானை, வாழைத்தார். ஹாலில் அவனும் உட்கார்ந்திருப்பான், அவன் அம்மாவும் இருப்பாள். நான் எல்லாருக்கும் முன்னால் கேட்பேன், "எல்லாம் நல்லாத்தானம்மா இருக்கு?"

"நல்லா இருக்கேண்ணே."

அவன் முன்னால் வைத்து அவளிடம் அதைக் கேட்டேன். வேறு என்ன சொல்லுவாள்? அந்தப் புத்தி எனக்கு இல்லை. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டு, "பாத்தியா, கருப்பு வேலையக் காட்டிருச்சு" என்று சொல்லுவேன். அவன் ஸ்கூட்டரை என் கடைக்குத்தான் சர்வீஸுக்குக் கொண்டுவருவான். சும்மா செய்து கொடுப்பேன். வடை, டீ வாங்கிக் கொடுப்பேன். முன் மட்கார்டில் ஒரு கீறல் விழுந்திருந்தால் விரலால் தடவிப் பார்த்து, "இது எப்ப விழுந்துச்சு மச்சான்?" என்று வருத்தப்படுவான். வண்டி மேல் அவ்வளவு பிரியம்.

போன வருஷம் ஐப்பசி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போனபோது தங்கச்சி கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிள்ளைக்கு எட்டு வயது, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவன் ஆபீஸுக்குப் போய்விட்டான்.

நர்ஸ் ஒரு அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர். டிரிப்ஸ் பாட்டிலை மாற்றத் தங்கச்சியும் கையைத் தூக்கி உதவினாள். சேலை விலகியதில் விலாவில் ஒரு தழும்பு தெரிந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அவர் பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்து, "சார், கீழ கேன்டீன்ல கஞ்சி வாங்கிட்டு வாங்க. கூட்டமா இருக்கும், நின்னு வாங்கிட்டு வாங்க" என்றார். நான் போனேன். கூட்டமே இல்லை. திரும்பி வந்தால் திரை போட்டிருந்தது. இன்னொரு நர்ஸ் என்னை வெளியே நிறுத்திவிட்டார்.

அரைமணி நேரம் கழித்துத் திரை விலகியது. தங்கச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மூன்று வருஷமாகச் சீர் கொண்டுபோய் நான் தெரிந்துகொள்ளாததை, அந்த அம்மா என்னைக் கஞ்சி வாங்க அனுப்பிவிட்டுத் தெரிந்துகொண்டார்.

"அண்ணே" என்றாள். "அவரு சத்தியத்த மீறிட்டாரு. அதான் புள்ளைக்கு இப்பிடி."

"எப்ப மீறுனாரு?"

"அந்த வாரமே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் வெளியே வந்தது. கோயிலிலிருந்து போன நாலாவது நாள் அடித்திருக்கிறான். அடித்துவிட்டு, குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொல்லியிருக்கிறான். "இப்ப நீ ஒங்க அண்ணங்கிட்ட சொன்னேன்னா சத்தியம் மீறினதா ஆயிரும். சொல்லலேன்னா இது நமக்குள்ள. மீறினதா ஆனா யாருக்கு ஆகும்னு ஒனக்குத் தெரியும்ல?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை அடித்த பிறகும் பிள்ளையைக் கூப்பிட்டு மடியில் வைத்து, தலையைத் தடவிக்கொண்டே அவளைப் பார்ப்பானாம். பேச மாட்டானாம். தடவுவானாம்.

அவனைக் கட்ட நான் வாங்கின கயிறு. அதை எடுத்து இவள் வாயைக் கட்டிவிட்டான். மூன்று வருஷம் இவள் பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து அடி வாங்கியிருக்கிறாள். "நல்லா இருக்கேண்ணே" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொன்னது பிள்ளை உயிருக்காகச் சொன்னது. பி.காம். படித்தவளுக்கு இந்தப் புத்தியா என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை தலையில் ஒருத்தன் கையை வைத்து, "ஆகட்டும்" என்று சொல்லட்டும். பிறகு வந்து பேசுங்கள்.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். கடையில் பெரிய ஸ்பேனர் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு அவன் ஆபீஸுக்கே போவது என்று கிளம்பினேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அடிச்சுட்டு ஜெயிலுக்குப் போயிருவ. நா யாரு கூடப் போவேன்? திரும்ப அந்த வீட்டுக்குத்தான் போவேன். ஒக்காரு."

உட்கார்ந்தேன். என்னிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

நர்ஸ் அம்மா தங்கச்சி பேரில் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டுப் போட்டு, காயங்களை அதில் எழுதி வைத்திருந்தார். எங்கே போனால் என்ன கேட்கலாம் என்றும் சொல்லியிருந்தார். மகளிர் ஸ்டேஷன் இருக்கிறது, பெண்களுக்கென்று பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்கிறார், புருஷன் வீட்டை விட்டு வந்தாலும் பிள்ளையும் செலவும் கேட்க சட்டம் இருக்கிறது என்று. "போகணுமா வேண்டாமான்னு நீதான் முடிவு பண்ணணும். எப்பப் போனாலும் இந்தச் சீட்டு இங்க இருக்கும்" என்று மட்டும் சொன்னாராம். நான் போ, வா என்று மட்டுமே அவளிடம் பேசியவன். நீ என்ன நினைக்கிறாய் என்று அவளிடம் கேட்ட முதல் ஆள் ஒரு அந்நியப் பொம்பளை.

ஆனால் தங்கச்சி முடிவு எடுக்கும் நிலைமையில் இல்லை. பிள்ளைக்குக் குறைந்திருந்த பிளேட்லெட் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் கவலை இல்லை என்றார். அவள் காதில் விழவில்லை. "சத்தியத்தத் தீர்த்து விடணும்ணே. தீர்த்து விட்டாத்தான் புள்ள பொழைக்கும்" என்றாள்.

பூசாரிக்குப் போன் போட்டேன். "தீர்த்து விடலாம்ப்பா. ஆனா செஞ்சவரு வரணும். மறுபடி சூடம் கொளுத்தி அவரு கையாலதான் தீர்க்கணும்" என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நம்புகிறவள் அவள். அதனால் அவனுக்குப் போன் போட்டேன், அத்தனை ஆத்திரத்தையும் விழுங்கிக்கொண்டு.

"ஓ, தீர்த்து விடணுமா?" என்றான். அவன் சிரித்தானா என்று தெரியவில்லை, சிரித்த மாதிரி இருந்தது. "தாராளமா வாரேன் மச்சான். புள்ளைய டிஸ்சார்ஜ் பண்ணி நேரா நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அப்பறம் ஒரு நல்ல நாள் பாத்து வாரேன். அவசரம் என்ன?"

மறுநாள் அம்மாவும் பெரியப்பாவும் ஊரிலிருந்து வந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பஞ்சாயத்து ஆரம்பித்தது.

"போகட்டும்ப்பா" என்றார் பெரியப்பா. "போய் ஒரு வாரம் இருக்கட்டும். மாப்ள மனசு குளுந்ததும் கோயிலுக்குக் கூட்டியாந்து தீர்த்து விட்ருவோம். தீர்த்த பெறகு வேற சத்தியம் வாங்கிக்கலாம்."

"வேற சத்தியம்?" என்றேன்.

"இந்தத் தடவ புள்ளைய இழுக்காம வாங்குவோம். அது நீ செஞ்ச தப்பு."

அது நான் செய்த தப்புதான். ஆனால் அதை அவர் சொன்னதும் எனக்கு என்ன வந்ததோ, வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அம்மா அழுதாள். "ஊரு என்னடா பேசும்?" என்றாள். எட்டு வருஷமாக அவள் கேட்ட அதே கேள்வி. ஊர் பேசட்டும். ஊர் வந்து அந்த விலாவைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டியிடம் சொன்னேன், தங்கச்சியும் பிள்ளையும் மாடி ரூமில் இருக்கட்டும் என்று. முகம் சுளிப்பாள் என்று நினைத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள், "ரூம கூட்டித் தொடச்சு வச்சாச்சு. மூணு தடவ கொண்டுபோய் விட்டீங்களே, அப்ப ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டீங்களா?"

ஐந்தாவது நாள் டிஸ்சார்ஜ். பிள்ளை நடந்து வந்தது, இட்லி சாப்பிட்டது. காலை பத்து மணி. நான் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

தங்கச்சி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "காய்ச்சல் எறங்கிருச்சு. திரும்ப வந்துச்சுன்னா?" என்றாள்.

வராது என்று சொல்லியிருப்பேன், என் வாய் வார்த்தைக்கு அவளிடம் என்ன மரியாதை இருக்கிறது? பிள்ளைதான் பேசியது. "அம்மா, அப்பா வீட்டுக்குப் போனா நா மறுபடியும் தூங்குற மாதிரியே நடிக்கணுமா?"

தங்கச்சி பிள்ளையைப் பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறினாள். "மகளிர் ஸ்டேஷனுக்குப் போண்ணே" என்றாள்.

பிள்ளையை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். வீட்டில் பிள்ளையைப் பார்க்க வந்திருந்த பெரியப்பா, நாங்கள் கிளம்பியதுமே அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அவனும் இரண்டு சொந்தக்காரர்களும் வந்து நின்றார்கள். பாக்கெட்டில் பேனா. உள்ளே இன்ஸ்பெக்டர் அம்மாவிடம், "சின்ன மனஸ்தாபம் மேடம், குடும்பம்னா இருக்கிறதுதான்" என்று ஆரம்பித்தான். அவர் அவனை உட்காரச் சொல்லவில்லை. அவன் தங்கச்சி பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பிரியமாகச் சொன்னான்.

"வா, இப்பவே கோயிலுக்குப் போவோம். என் கையால தீர்த்து விடுறேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நீ இங்க எழுதிக் குடுத்துட்டா அப்பறம் நா வர மாட்டேன். யோசிச்சுக்க."

ஒடிந்து கோணலாகக் கூடின சுண்டுவிரலை அவள் இடது கையால் பொத்திக்கொண்டாள். திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் என்று எழுத வந்தேன். அந்த வார்த்தையே இப்போது எனக்கு வருவதில்லை. போய்விடுவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

"நீங்க வர வேணாம்" என்றாள் அவனிடம். "எனக்குப் பயமாத்தான் இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. பயந்துக்கிட்டே எழுதிக் குடுக்குறேன்."

இன்ஸ்பெக்டர் அம்மா அவர்களை வெளியே போகச் சொன்னார். நான் நாற்காலியை இழுத்துத் தங்கச்சி பக்கத்தில் போட்டேன். அவள் சொல்லத் தடுமாறினால் நான் எடுத்துச் சொல்லலாம் என்று.

"அண்ணே" என்றாள். "நீயும் வெளிய இரு."

வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்சு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் அவன் தன் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தான். நான் சும்மா சர்வீஸ் செய்து கொடுத்த ஸ்கூட்டர். உள்ளே அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடுவில் எழுந்து எதையாவது கெடுத்திருப்பேன். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

ஒரு பெண் போலீஸ், சின்ன வயசு, கையில் தாளோடு வெளியே வந்தார்.

"நீங்கதான் அண்ணனா?"

"ஆமாங்க."

"ஒங்க தங்கச்சி மூணு தடவ வீட்ட விட்டு வந்ததா சொல்லியிருக்காங்க. மூணு தடவயும் திரும்பக் கொண்டுபோய் விட்டது யாரு?"

தெருவில் அவன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தான். ஜன்னல் வழியாகத் தங்கச்சியின் முதுகு தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தாங்க" என்றேன். "எழுதிக்கங்க."

எங்கே, எப்போது, அப்போது அவளுக்கு என்ன காயம் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.